முகூர்த்தம் மதியம் இரண்டு மணிக்குப் போனது எப்படி என்றால்

தம்போய்,
ஜொகூர் பாரு.
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. செல்லப்பன் அவர்களுக்கு,

தம்போயிலிருந்து வீரமுத்து இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி புஷ்பவள்ளியும், தங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவிருக்கும் எங்கள் மகள் ரூபினியும் நலம். நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். சிகாமட்டில் விடாத மழை என்று செய்தியில் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் ஏறினாலும் தங்கள் வீடு மேட்டில் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். சந்தோஷம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை கொடுத்துவிட்டு நாங்கள் சிகாமட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்சாப்பில் நான் தினமும் போடும் காலை வணக்கத்துக்கு நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டால், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். எதைக் கேட்டு எதைச் சொல்வார் என்று எங்களுக்குப் புரியவில்லை. தாங்கள் கோபமாக இருக்கிறீர்கள், அந்தக் கோபத்துக்குக் காரணம் பத்திரிகையில் இருக்கும் முகூர்த்த நேரம், இந்த இரண்டையும் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.00 மணி முதல் 3.30 மணிக்குள். எந்த வீட்டில், சம்பந்தி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தாலி கட்டுகிறார்கள்? பெண் வீட்டுக்காரன் காலைப் பசியாறல் போட வேண்டி வருமே என்று பயந்து மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டான் என்று தங்கள் சொந்தக்காரர்கள் பேசியிருப்பார்கள். பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். புஷ்பவள்ளி இந்தக் கல்யாணம் நின்றுவிடும் என்று முடிவே கட்டிவிட்டு, சமையலறையில் பாத்திரங்களிடம் மட்டும் பேசுகிறாள். ரூபினி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் எங்களுக்கு ஒரே பெண். இந்தக் கல்யாணம் நிற்கக் கூடாது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் மாரியம்மன் கோவிலில் அர்ச்சனைச் சீட்டு அடித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவன் நான். இதைத் தாங்கள் பெண் பார்க்க வந்த அன்றே திரும்பத் திரும்பச் சொன்னேனாம், ரூபினி குத்திக் காட்டுகிறாள். தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தபோது, உடம்பில் ரத்தம் சூடாக இருந்த வயதில் எழுதியது. அதற்குள் பஞ்சாங்கம் கணிக்கிற பகுதி ஒன்று உண்டு. பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தால் நட்சத்திரம் சொல்லும், கல்யாணத் தேதி கொடுத்தால் நல்ல நேரம் சொல்லும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் முரண்டு பிடித்ததில்லை. ஓடுகிற மாட்டை யார் தொடுவார்கள்? கோவில் தலைவர் காளியப்பன் தொட்டார். கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "ஊரே போன்ல டாக்சி காடி கூப்பிடுது, சாப்பாடு கூப்பிடுது, நம்ம அம்மன் மட்டும் ஏன் லா சனங்கள கவுண்டர்ல வரிசையில நிக்க வைக்கணும்?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய கையோடு, என் வருங்கால மருமகன் கவின் சிங்கப்பூரில் இந்த வேலைதான் பார்க்கிறார், அவர் செய்து தருவார் என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். மாப்பிள்ளை பெருமை யாரை விட்டது.

மாப்பிள்ளையைக் குறை சொல்வதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். தினமும் விடியாமல் எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, புகையெல்லாம் குடித்து வேலைக்குப் போகிற பிள்ளை, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எங்கள் கோவிலுக்குக் கொடுத்தார். இப்போது புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லையாம். ஃபிரேம்வர்க் என்று ஒரு கூடு ஆயத்தமாகக் கிடைக்கிறது, நம் சாமான்களை அதில் அடுக்கினால் போதும். ஆனால் சாமான் அந்தக் கூட்டுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். தாங்கள் ரயில்வேயில் இருந்தவர், சொன்னால் புரியும்: பழைய பெட்டியைப் புது எஞ்சினில் கோக்க வேண்டுமென்றால் கொக்கி பொருந்த வேண்டுமல்லவா? என் பஞ்சாங்கத்தின் கொக்கி பொருந்தவில்லை. அதை முழுசாகப் புதிதாக எழுதிவிடலாம் என்று மாப்பிள்ளை மனசுக்குள் நினைத்திருப்பார். மாமனார் எழுதியதைத் தூக்கிப் போடுவது மரியாதையில்லை என்பதால் வெளியே சொல்லவில்லை. பழையது பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும், புதியது இணையம் வழியாக அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், நடுவில் கல்யாணத் தரகர் மாதிரி ஒரு சின்னப் புரோகிராம் அங்கேயும் இங்கேயும் சேதி கொண்டுபோகட்டும் என்று ஏற்பாடானது.

கோவில் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கேதான் முதல் சிக்கல். மாப்பிள்ளையை ஸ்டோர் ரூமில் உட்கார வைக்க முடியுமா? புஷ்பவள்ளி என்னைக் கொன்றுவிடுவாள். அவர் ஹாலில், நல்ல நாற்காலியில், காற்றாடிக்குக் கீழே மடிக்கணினியோடு உட்காருவார். முன்னால் முறுக்கு, அதிரசம், தேத்தண்ணி. நான் ஸ்டோர் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரையில் வருவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்திச் சொல்வேன். அவர் அங்கிருந்து "ஓகே மாமா" என்பார். நான் என்ன சொன்னாலும் ஓகே மாமா. புரிந்துதான் சொல்கிறாரா, மரியாதைக்குச் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும், ஆனால் மாப்பிள்ளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே திரையை ஒரு நாளும் சேர்ந்து பார்த்ததில்லை சம்பந்தி, இதுதான் உண்மை.

அப்புறம் வந்த தொல்லைகளை எழுதினால் தாள் போதாது. ஐ.சி. அட்டையில் நம் ஆண்பிள்ளைகள் பெயரில், இன்னாரின் மகன் என்பதற்காக அப்பா பெயருக்கு முன்னால் ஏ, ஒரு சாய்ந்த கோடு, அப்புறம் எல் என்று இருக்கிறதே, அந்தக் கோட்டைப் பார்த்ததும் புதுப் புரோகிராம் பாதை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பெயரை அங்கேயே வெட்டிவிட்டது. காளியப்பனுக்கு வந்த சீட்டில் காளியப்பன் ஏ என்று இருந்தது, அவருடைய அப்பாவைக் காணோம். கோவில் கட்ட நிலம் கொடுத்த மனிதர் அவர் அப்பா. காளியப்பன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அது சரியானதும் எழுத்து போயிற்று. நான் எழுதிய காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் என்றால் அவரவர் வைத்ததுதான் எழுத்து. அந்த எழுத்துருவைப் புதியது படிக்கவில்லை. ரேவதி நட்சத்திரத்தில் பிறந்த ஓர் அம்மாவின் சீட்டில் ஆச்சரியக்குறியும் நட்சத்திரக்குறியும் ஆங்கிலக் கிறுக்கலுமாக வந்தது. குருக்கள் பாவம், தமிழ்நாட்டிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, இந்த ஊர் வழக்கமாக இருக்கும் என்று நினைத்து அதையும் ஒரு ராகத்தில் இழுத்து அர்ச்சனையை முடித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. அதுவும் சரியானதும், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூட்டம் அலைமோதுகிற நேரத்தில், யாருக்குமே நட்சத்திரம் வரவில்லை. காளியப்பன் போனில் கத்துகிறார். ஓடிப் போய்ப் பார்த்தால் புஷ்பவள்ளி கிரைண்டரை மாட்டுவதற்காக ஸ்டோர் ரூம் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். ஊர் நட்சத்திரம் முழுக்க இட்லி மாவுக்கு வழி விட்டிருக்கிறது. அவளிடம் என்ன சொல்வது? மாப்பிள்ளை இட்லி சாப்பிட வருகிறாராம்.

இவ்வளவுக்கும் அப்புறம் ஒரு வழியாகப் போனில் எல்லாம் வந்தது. காளியப்பன் மனம் குளிர்ந்து, புதுப் புரோகிராமில் பார்க்கிற முதல் முகூர்த்தம் உன் மகள் முகூர்த்தமாகவே இருக்கட்டும் என்றார். குருக்களும் போனைத் தொட்டுக் கும்பிட்டு, நாள் பார்த்து, நேரம் பார்த்து, மஞ்சள் தடவிய தாளில் எழுதி அம்மன் காலடியில் வைத்து என் கையில் கொடுத்தார். அம்மன் காலடியில் வைத்த தாளை யார் கேள்வி கேட்பது? நேரே அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். மதியம் இரண்டு என்று பார்த்தபோது எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் சிகாமட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தோதாக இருக்கட்டும் என்று தாங்கள்தான் குருக்களிடம் தனியாகச் சொல்லியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். சம்பந்தி கேட்ட நேரத்தை நான் ஏன் என்று கேட்கலாமா? புஷ்பவள்ளி, நான் முடிவு செய்த நேரம் என்று நினைத்திருக்கிறாள். ரூபினி, பெரியவர்கள் கலந்து பேசியது என்று நினைத்திருக்கிறாள். தாங்கள் பெண் வீட்டாரின் திமிர் என்று நினைத்திருப்பீர்கள். ஆக மொத்தம் எல்லோரும் நினைத்தோம், ஒருவரும் கேட்கவில்லை.

தாங்கள் போனை எடுக்காத பிறகுதான் எனக்கு உறைத்து, ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டரில் அதே தேதியைத் தட்டிப் பார்த்தேன். ஒன்பது முதல் பத்தரை என்றது. கையில் இருந்த போனைப் பார்த்தேன், பதினொன்றரை முதல் ஒன்று என்றது. பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன், இரண்டு முதல் மூன்றரை. ஒரே கல்யாணம், ஒரே பெண், ஒரே மாப்பிள்ளை, மூன்று முகூர்த்தம். அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான் சம்பந்தி. ஊர்ப் பஞ்சாங்கம் இந்திய நேரத்தில் இருக்கும், இங்கே பார்க்கிறவர்கள் ரெண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இது நம் வீடுகளில் காலண்டர் கிழிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஊர்க் கணக்கில் அன்றைக்கு முகூர்த்தம் ஆறரைக்கு. என் பஞ்சாங்கப் பகுதி அதிலேயே ரெண்டரையைக் கூட்டி ஒன்பது என்று சரியாகச் சொல்லிவிட்டது. அது ஏற்கெனவே கூட்டியது என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவர் ஹாலில் உட்கார்ந்து தன் பங்குக்கு ரெண்டரை கூட்டியிருக்கிறார். ரூபினி கூப்பிட்டுக் கேட்டதற்கு, "மாமா எழுதினது லா. இது எந்த ஊரு நேரம்னு கேட்டா, நான் அவர சந்தேகப்படறேன்னு நினைப்பாரு" என்றாராம். பழைய திரையில் மேலே மலேசிய நேரம் என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும். போனில் இடம் பத்தாது என்று அது போய்விட்டது. அதனால் குருக்களும், கம்ப்யூட்டர் ஊர் நேரம் சொல்கிறது போல என்று நினைத்து, கவனமாக விரல் விட்டு எண்ணி இன்னொரு ரெண்டரையைக் கூட்டிவிட்டார். அவரிடம் நானே நேரில் கேட்டேன். பெரியவாள் சேர்ந்து செய்த புரோகிராமை நான் எப்படிக் கேள்வி கேட்பது என்கிறார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தப்பு செய்தவர் என்று ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். அவரவர் மரியாதையாக, பொறுப்பாக, ஆளுக்கு ரெண்டரை மணி நேரம் கூட்டினோம், அவ்வளவுதான்.

களைத்துவிட்டேன் சம்பந்தி. புதியது பழையதற்காகக் காத்திருக்கிறது, பழையது புதியதைப் பார்த்து முழிக்கிறது, நடுவில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். இனி அந்தப் புரோகிராமில் கை வைப்பதில்லை என்று அம்மன் மேல் ஆணையாகச் சொல்லிவிட்டேன். காளியப்பன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தாலி கட்டும் நேரம் காலை ஒன்பது முதல் பத்தரைக்குள். இதில் சந்தேகமே வேண்டாம், என் பஞ்சாங்கம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. மண்டபம் நாள் முழுக்க நம்முடையதுதான், சமையல்காரரிடமும் பசியாறலுக்குச் சொல்லிவிட்டேன். மத்தியானம் என்று அச்சடித்தது திமிரினால் அல்ல, தங்களை மட்டம் தட்டவும் அல்ல. கோபத்தை விட்டுத் தங்கள் சொந்தங்களுக்கெல்லாம் ஒன்பது மணி என்று சொல்லி, குடும்பத்தோடு முன்னதாகவே வந்து நின்று பிள்ளைகளை வாழ்த்த வேண்டும். சிங்கப்பூர் வேலையும் நல்ல குணமும் உள்ள பிள்ளையை என் மகளுக்குக் கொடுக்க முன்வந்த தங்களை நான் ஒரு நாளும் அவமதிக்க மாட்டேன். என் மகள் முகத்துக்காகவாவது ஒரு வார்த்தை பேசுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசிகள். மழையில் நனைய வேண்டாம். அம்மன் தங்கள் குடும்பத்தைக் குறையில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீரமுத்து

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும். உறையில் போடுவதற்கு முன்னால் ரூபினி இதை வாங்கிப் படித்தாள். உடனே அவள் போனிலிருந்து தங்களைக் கூப்பிட்டாள். மருமகள் கூப்பிட்டால் மட்டும் முதல் மணியிலேயே எடுக்கிறீர்கள். தாங்கள் சொன்னது தங்களுக்கே தெரியும் என்றாலும், என் மன நிம்மதிக்காக எழுதி வைக்கிறேன். "கோவம்லாம் இல்லம்மா, பயம்தான். நம்மாளுங்க ரெண்டு மணின்னா நாலரைக்குத்தான் வருவாங்க. அதனால பத்திரிகையில பதினொன்றரைன்னு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துட்டேன். சம்பந்திக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரோன்னு போன எடுக்கல." நான் தங்கள் கோபத்துக்குப் பயந்து இங்கே இளைத்துக்கொண்டிருக்கிறேன், தாங்கள் என் கோபத்துக்குப் பயந்து அங்கே ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். தாங்களும் நம் ஆள்தான் சம்பந்தி, தாங்கள் மட்டும் ரெண்டரையைக் கழித்திருக்கிறீர்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ரூபினி மாப்பிள்ளையையும் கையோடு வரச் சொல்லியிருந்தாள். வந்தார். பழைய கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டு நேராக அதன் முன்னால் போய் நின்று, என் கணக்கை மேலிருந்து கீழ்வரை படித்தார். என் பக்கம் திரும்பினார். "மாமா, இது தப்பு. திதி, நட்சத்திரத்துக்கு ரெண்டரை கூட்டலாம். முகூர்த்தம் லக்னத்தை வச்சுப் பாக்கறது, லக்னம் இந்த ஊர்ல விடியற நேரத்தை வச்சு வரும். நமக்கு இந்தியாவ விட ஒன்றரை மணி நேரம் சீக்கிரம் விடியுது. ஒரு மணி நேரம்தான் கூட்டணும். ஏழரைன்னுதான் வருது." கல்யாணத்துக்கு ஏழரையா என்று புஷ்பவள்ளி காதைப் பொத்திக்கொண்டாள். ரூபினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை என்னிடம் தப்பு என்று சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் என்னமோ நிம்மதியாகவும் இருந்தது. எப்படித் தப்பு, விளக்குங்கள் என்றேன். விளக்கினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விடவில்லை. இந்த நிமிஷம் வரை வாதாடிக்கொண்டிருக்கிறோம், சத்தம் பக்கத்து வீடு வரை போகிறது, ரூபினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஆகவே ஒன்பது என்று யாருக்கும் சொல்லிவிட வேண்டாம், ஸ்டிக்கரையும் பிரிக்க வேண்டாம். கல்யாணம் நடக்கும் சம்பந்தி. எத்தனை மணிக்கு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.